ஒரே வரியில் இரண்டு பேர்

கடலூரில் இருந்துகொண்டே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன் என்றால் உறவுக்காரர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். "சென்னையில எதுவும் கெடைக்கலியாம்மா?" கிடைத்தது, பிடிக்கவில்லை. அதைச் சொன்னால் இன்னும் ஜாஸ்தியாக உச்சுக்கொட்டுவார்கள் என்பதால் சொல்வதில்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் எங்கள் கம்பெனி. கல்லூரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். அதில் என் வேலை முக்கால்வாசி, கீழ்நோக்கிக் கிடக்கும் வரிகளைப் பக்கவாட்டில் திருப்பிப் போடுவதுதான்.

மார்க்குகள் டேட்டாபேஸுக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கும். ஒரு மாணவி, ஒரு பாடம், ஒரு மார்க். அடுத்த வரியில் அதே மாணவி, வேறு பாடம், வேறு மார்க். கம்ப்யூட்டருக்கு அதுதான் வசதி. மனிதர்களுக்கு அப்படியே கொடுத்தால் தலை சுற்றிவிடும். ஆளுக்கு ஒரு வரி, பாடமெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் கட்டமாக வேண்டும் என்பார்கள். நியாயம்தான். அதற்காக ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாகச் சொல்லிவைப்போம்: கணக்குக் கட்டமா, கணக்கு மார்க்கை மட்டும் எடு, வேறு பாடம் வந்தால் காலியாக விடு. இப்போது ஒரே மாணவிக்குப் பல வரிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மார்க், மிச்சமெல்லாம் வெற்றிடம். அந்த வரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தினால் ஒரே வரி. அழுத்துவதற்கு மேக்ஸ் என்று ஒரு கட்டளை. இருப்பதில் பெரியதை வைத்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். வெற்றிடமும் மார்க்கும் மோதினால் மார்க் நிற்கும்.

எந்தெந்த வரிகள் ஒரே ஆளுடையவை என்பதை மட்டும் நாம்தான் சொல்லவேண்டும். வினை அங்கேதான் இருக்கிறது.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரிக்கு அன்றைக்கு வேறு ஏதோ வேலையாகப் போயிருந்தேன். துறைத்தலைவர் அம்மாவின் அறை வாசலில் ஒரே களேபரம். வகுப்புத் தேர்வு மார்க்குகளை வைத்து எங்கள் மென்பொருள் எடுத்துக் கொடுத்த, முதல் செமஸ்டர் பரீட்சை எழுதத் தகுதி உள்ளவர்களின் பெயர்களை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். அதில் ஒரு பெயர் ஒருமுறைதான் இருந்தது. அந்தப் பெயரில் வகுப்பில் இரண்டு பெண்கள்.

கம்மாபுரம் பக்கத்து அண்ணன் தம்பி இருவரின் மகள்கள். இரண்டு பேருக்குமே குலதெய்வத்தின் பெயர். அந்த அம்மன் பெயரை வைக்காவிட்டால் அந்த வீட்டில் பெண் குழந்தைக்குப் பெயர் வைத்ததாகவே கணக்கில்லையாம். அண்ணன் தம்பி பெயர்களோ ஒரே எழுத்தில் தொடங்குபவை, ஆக இனிஷியலும் ஒன்று. வீட்டில் அண்ணன் மகளைப் பெரிய பாப்பா, தம்பி மகளைச் சின்ன பாப்பா என்று கூப்பிட்டுச் சமாளித்துவிடுகிறார்கள். அப்பாக்கள் பேசிக்கொள்வதில்லை. கோவில் திருவிழாவில் பரிவட்டம் முதலில் யார் தலையில் கட்டுவது என்று வந்த சண்டை. பெண்கள் இருவரும் என்னவோ ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"போர்டுல இருக்கறது எம் பொண்ணு பேரு மேடம். அவுரு பொண்ணு பேருதான் வுட்டுப்போச்சு, அவுருகிட்ட சொல்லுங்க" என்றார் அண்ணன், கம்ப்யூட்டர் ஆள் வந்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டு என்னிடம். பக்கத்திலேயே நின்ற தம்பி என்னைப் பார்த்துக்கொண்டு, "எம் பொண்ணுதான் நல்லா படிக்கிறது. அவுரையே யோசிச்சிப் பாக்கச் சொல்லுங்க மேடம்" என்றார். கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு இரண்டு பேரும் என்னை வைத்துத் தபால் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

லேப்டாப்பைத் திறந்தேன். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்துவிட்டு பெங்களூருக்கு ஓடிப்போன புண்ணியவான் எழுதிய கட்டளை அது. மார்க் ஒவ்வொன்றோடும் அட்மிஷன் நம்பர் இருந்தது. அதை விட்டுவிட்டு, பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று சொல்லிவைத்திருந்தான். இப்படிப்பட்ட குடும்பங்கள் இருக்கும் ஊரில் இப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும். இரண்டு பெண்களின் வரிகளும் ஒரே வரியாக அழுந்திப்போயிருந்தன. ஒவ்வொரு பாடத்திலும் இருவரில் யார் அதிகமோ அவர் மார்க் நின்றிருந்தது. அந்த வரிக்குச் சொந்தக்காரி வகுப்பிலேயே முதலிடம். அப்படி ஒரு பெண் உலகத்தில் இல்லை.

"பேர் வுட்டுப்போவல. ரெண்டு பேரையும் கம்ப்யூட்டர் ஒரே ஆளுன்னு நெனச்சிருக்கு. இப்ப பிரிச்சிடறேன்" என்றேன். அட்மிஷன் நம்பரைச் சேர்த்து ஓட்டினேன். ஒரு வரி இரண்டானது. பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டப்போனேன், அப்போதுதான் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். சின்ன பாப்பாவுக்குத் தகுதி உண்டு. பெரிய பாப்பாவுக்கு இல்லை. கணக்கில் குறைந்தபட்ச மார்க்குக்குக் கீழே இருந்தாள். இத்தனை நேரம் தங்கையின் கணக்கு மார்க் அவளை மூடி வைத்திருந்தது.

எனக்கு மனசே ஆறவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி வாங்கிக் கொடுத்தேன், அந்த வரியே அவளை வெளியே தள்ளியது. விஷயத்தைச் சொன்னதும், சத்தம் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் குனிந்து திரையில் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பெரிய பாப்பா என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள்: "எழுதலன்னா காலேஜ நிறுத்திட்டு மாப்ள பாத்துருவாங்க மேடம். அம்மா எப்பயோ சொல்லிட்டாங்க." தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள். முதல் இரண்டு மாதம் கணக்கு வகுப்பில் ஆங்கிலம் புரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். கேட்கவும் வெட்கம்.

துறைத்தலைவர் அம்மா நல்ல மனுஷி. அடுத்த வாரம் மறுதேர்வு வைப்பதாகச் சொன்னார். அதில் தேறினால் எழுதலாம், இல்லாவிட்டால் இந்த செமஸ்டர் கிடையாது. சின்ன பாப்பா உடனே, "நான் சொல்லித் தரேன் பெரியப்பா" என்றாள். தம்பி தன் மகளைப் பார்த்து, "அவுங்க ஊட்டுல ஆளுங்க வந்து போய்க்கிட்டே இருப்பாங்க, படிக்க முடியாது. நம்ம ஊட்டுக்கு வரச் சொல்லு" என்றார். அண்ணன் என்னைப் பார்த்து, "சாயங்காலம் கொண்டாந்து வுடறேன்னு சொல்லுங்க மேடம்" என்றார். சொன்னேன். தம்பி காதில் ஏற்கெனவே விழுந்திருந்தது, இருந்தாலும் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. யாரோ ஒரு பெண், எனக்கு என்ன உறவு? ஆனாலும் கட்டம் கட்டமாக எத்தனையோ பேரைத் திருப்பிப் போட்டிருக்கிறேன், ஒரு கட்டத்துக்குப் பின்னால் ஒரு முகத்தைப் பார்த்தது அதுதான் முதல்முறை. மறுதேர்வு மார்க்கை ஏற்றிவிட்டதாக ஒரு மாலை கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. கடலூரில் என் இடத்தில் உட்கார்ந்தபடியே கட்டளையை ஓட்டினேன். இரண்டு வரிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. கணக்குக் கட்டத்தில் தட்டுத்தடுமாறித் தேறியிருந்தாள். கடைசிக் கட்டத்தில் இரண்டு பேருக்கும் உண்டு.

அறிவிக்கும் பொறுப்பு என்னுடையதல்ல. ஆனாலும் துறைத்தலைவர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு நானே போன் போட்டேன். அண்ணன் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சரி, தம்பியிடமாவது சொல்லலாம், அவர் எப்படியாவது தெரியப்படுத்தட்டும் என்று அவர் நம்பருக்கு அடித்தேன். வண்டிச் சத்தமும் காற்றுமாக இருந்தது. கேட்டது அண்ணன் குரல்.

"சொல்லுங்க மேடம். தம்பிதான் வண்டி ஓட்டறான், நான் பின்னாடி ஒக்காந்துருக்கேன்."

"உங்க பொண்ணு தேறிடுச்சுங்க. பரீட்ச எழுதலாம்" என்றேன்.

போனை வைக்காமலேயே அவர் முன்பக்கம் கத்தினார்.

"டேய், வண்டிய ஓரங்கட்டுடா. நம்ம பொண்ணு பாஸுடா."