கடைசி எழுத்து மட்டும் மெல்ல

பரிமளா டீச்சர் இறந்த செய்தியை நானே படித்தேன். அதற்கு முன் எனக்கு வந்த சாவுச் செய்தி எல்லாம் யாராவது சொல்லித்தான் வந்தது. அன்று காலை ஒலக்கூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது போனில் மெசேஜ் வந்தது. எழுத்துக்கூட்டினேன். 'பரிமளா' என்று தெரிந்ததும் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பெயரை நான் தடுமாறாமல் படிப்பேன். அடுத்த வரிக்கு நேரம் பிடித்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் காலமானார் என்று இருந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து படித்தேன். பஸ் வந்து போய்விட்டது.

உங்களில் பலர் திண்டிவனத்தில் அவரிடம் பயிற்சி எடுத்த ஆசிரியர்கள். பாடத்தை வீடியோ எடுக்கவும், அதை வெட்டி ஒட்டவும் அவரிடம் கற்றவர்கள். நான் அவருடைய மாலை வகுப்பில் எழுத்துக் கற்ற கிழவன், ஏழுமலை. அவருடைய இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னீர்கள். என் கையால் எழுதியது அச்சில் வரப்போகிறது என்பதில் துக்கத்துக்கு நடுவிலும் எனக்கு மகிழ்ச்சிதான். டீச்சர் இருந்தால் அவரும் மகிழ்ந்திருப்பார்.

வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, பிடுங்கும் நாட்களில் எங்களால் வகுப்புக்குப் போக முடியாது. அதனால் டீச்சர் பாடத்தை வீட்டிலேயே வீடியோ எடுத்துப் போனுக்கு அனுப்புவார். முதல் வீடியோவைத் தனியாக எடுத்தார். தன் முகமும் பலகையும் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பதற்காக முன்பக்கக் கேமராவைத் திருப்பி வைத்துக்கொண்டார். அதில் எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறிப் பதிவாகிவிட்டது. அது எனக்கு எப்படித் தெரியும்? மருமகள் தேவகியின் போனை வைத்துக்கொண்டு, பார்த்ததைப் பார்த்தபடியே எழுதிப் பழகினேன். அறுவடை முடிந்து வகுப்பில் பெருமையாகக் காட்டினேன்.

"தாத்தா கண்ணாடிக்குள்ள குந்திக்கினு எழுதுறாரு போல," என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து நான் போகவில்லை.

டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பேஜாரா உக்காந்துக்கினு கீறாரு டீச்சர். சோறுகூட சரியா துன்னல," என்றாள் தேவகி.

"இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா எழுத்து? இதோட வுட்டுடறேன்," என்றேன்.

அவர் நான் எழுதியதையும் தன் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. "நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க தாத்தா. நான்தான் தப்பாக் காட்டிட்டேன்," என்றார். அன்று மாலையே வகுப்பில் எல்லார் முன்னாலும் அதைச் சொன்னார். சிரித்தவர்கள் அந்த வீடியோவைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் மீண்டும் வகுப்பில் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு எனக்கென்று ஒரு போன் வாங்கிக்கொண்டேன். எந்தப் பாடமும் முதலில் எனக்குத்தான் வரும். "நீங்க சரின்னா மத்தவங்களுக்கு அனுப்புவேன்," என்பார். ஜன்னல் வெளிச்சம் பின்னால் இருந்து முகம் கறுத்தால் சொல்வேன். மின்விசிறிச் சத்தம் குரலை அமுக்கினால் சொல்வேன். ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை, மறுபடி எடுப்பார்.

திண்டிவனம் பயிற்சிக்கும் என்னை ஒருநாள் அழைத்துப் போனார். ஓர் ஆசிரியர் தாம் எடுத்த பாடத்தைப் போட்டுக் காட்டினார். பாட்டு ஓடியது, பூக்கள் பறந்தன, எழுத்துகள் சுழன்று சுழன்று வந்தன.

"புரிஞ்சுதா தாத்தா?" என்று டீச்சர் கேட்டார்.

"பூ ஷோக்கா இருந்துச்சும்மா. எழுத்து எப்ப வந்துச்சு, எப்ப போச்சுன்னுதான் தெரில."

அந்த ஆசிரியரே விழுந்து விழுந்து சிரித்தார். டீச்சர் அவரிடம், "எல்லாத்தையும் வெட்ட வேணாம் சார். பூவை மட்டும் வெட்டிடுங்க. படிக்கிறவங்க உக்கார்ற எடத்துல நீங்க ஒரு தடவ உக்காந்து பாருங்க, எங்க வெட்டணும்னு தானா தெரியும்," என்றார். உங்களில் சிலர் அன்று அங்கே இருந்திருப்பீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்குச் சற்று முன்பு ஒரு பாடம் அனுப்பியிருந்தார். பலகையில் அவர் கை மட்டும்தான் தெரியும். பஸ்ஸின் முன்னால் இருக்கும் ஊர்ப் பெயர்களைப் படிக்கும் பாடம். திண்டிவனம், மரக்காணம், விழுப்புரம். கடைசிப் பெயரின் கடைசி எழுத்தை எழுதும்போது கை வேகமாக ஓடிவிட்டது. அப்போதே அவருக்கு முடியவில்லை போலிருக்கிறது, எனக்குத் தெரியாது. நான் முதல்முறையாக விரலால் தட்டிப் பதில் அனுப்பினேன்: "நல்லா இருக்கு டீச்சர். கடைசி எழுத்து மட்டும் மெல்ல."

"சரிங்க தாத்தா. மறுபடி எடுத்து அனுப்புறேன்," என்று பதில் வந்தது. பாடம் வரவில்லை.

நான் இன்னும் சரி என்று சொல்லாததால் அது வேறு யாருக்கும் போகவில்லை. என் போனில் மட்டும்தான் இருக்கிறது. வகுப்பில் இருக்கும் பெண்கள் பஸ்ஸில் ஏற இன்னமும் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறார்கள்.

ஆசிரியர்களே, வெட்டவும் ஒட்டவும் அவர் உங்களுக்குக் கற்றுத் தந்திருக்கிறார். அந்த ஓர் எழுத்தை மட்டும் உங்களில் யாராவது மெதுவாக எழுதி எடுத்து அதில் சேர்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் அவர் கையாகவும் அவர் குரலாகவுமே இருக்கட்டும்.

அவர் எனக்குக் கொடுத்த வேலையை நான் வைத்துக்கொள்கிறேன். சேர்த்து முடித்ததும் முதலில் எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.