பெரியாயியின் தலைக்குளியல்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பெரியாயிக்கும் எனக்கும் ஒரே நோய். இருவருக்கும் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் பதுளையில் இரத்தம் சுத்திகரிக்கும் இடத்தில் அடுத்தடுத்த கட்டில். நான் இத்ரூஸ், பஜாரில் துணிக்கடை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவளோ நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் சொல்வாள்.

எனக்குக் கையிலேயே ஊசி போடுவார்கள். அவளுடைய நரம்புகள் நூல்மாதிரி. அதனால் கழுத்தில் குழாய் வைத்திருந்தார்கள். அந்தக் குழாயால்தான் வினை. ஒரே வருடத்தில் மூன்று தடவை குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்தாள். மூன்று தடவையும் இரத்தத்தில் பூஞ்சணம் என்றார்கள். ஊறுகாய்ப் போத்தலில் படர்வது இரத்தத்திலும் படரும் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். குழாயைக் கழற்றி, இரத்தம் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் மருந்தேற்றி, கண்ணுக்கோ இதயத்துக்கோ போயிருக்கிறதா என்று பார்த்து, வேறு இடத்தில் புதுக் குழாய் போடுவார்கள். மூன்றாம் தடவை டொக்டர் கையை விரித்துவிட்டார்.

"கழுத்துல இனி எடமில்ல. இப்ப தொடையில போட்டிருக்கு. இதுவும் பழுதானா எங்க போடுறதுன்னு எனக்கே தெரியல."

"சுத்தமா இருக்கீங்களா அக்கா?" என்று தாதி நிஷாந்தினி ஒவ்வொரு தடவையும் கேட்பார். "ரொம்ப சுத்தம் மிஸ்" என்பாள் பெரியாயி. அது பொய்யில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் குறுக்கே புகுந்தேன். "மிஸ், இவவப் போல சுத்தம் யாரு? ஆஸ்பத்திரியால போனா, மலைத்தண்ணி கொட்டுற பீலியில தலைக்கு ஊத்தாம லயத்து வீட்டுக்குள்ள கால் வெக்கமாட்டா!"

நிஷாந்தினியின் முகம் மாறிவிட்டது. "குழாய் நனையுமே அக்கா?"

"பொலித்தீன் சுத்திக்குவேன் மிஸ். உள்ள நனஞ்சா அடுப்புக்கிட்ட ஒக்காந்து காய வச்சிருவேன். வீட்டுல மக பெத்த கைக்கொழந்த இருக்கு. ஆஸ்பத்திரித் தீட்டோட எப்பிடித் தூக்குறது?"

எனக்கு இது ஒரு வருடமாகத் தெரியும். நல்ல பழக்கம் என்று பாராட்டியும் இருக்கிறேன். என் வாயில் மண் விழ! ஊர்க்கதையெல்லாம் பேசிய வாய், சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லவில்லையே.

"அந்த ஈரத்துலதான் பூஞ்சணம் வளருது. குழாய்மேல போட்ட கட்டுல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. ஒடம்பத் தொடச்சா போதும்" என்றார் நிஷாந்தினி.

பெரியாயி அழுதுவிட்டாள். "அப்ப பேத்திய இனித் தொடவே ஏலாதா மிஸ்?"

உயிரைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அழைத்துப்போக வந்த புருஷன் மாடசாமி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். அவளைக் கூட்டிக்கொண்டு போனான்.

அதிலிருந்து ஐந்து மாதமாக அவளுக்குக் காய்ச்சல் இல்லை. போன செவ்வாய்க்கிழமை மெதுவாகக் கேட்டேன். "பேத்தியத் தூக்குறியா?"

சிரித்தாள். "தூக்குறேன் இத்ரூஸ் நானா. பஸ்ஸ விட்டு எறங்குனதும் என்னைய பீலிக்கு எட்டத்துல நிப்பாட்டிட்டு, அவருதான் தலைக்கு ஊத்திக்கிறாரு. ரெண்டு வாளி அவருக்கு, ரெண்டு வாளி எனக்காக. அப்புறம் நடுங்கிக்கிட்டே என் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறாரு."

கடையில் தலை துவட்டத் தடித்த துவாய் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாடசாமியிடம் கொடுக்கவேண்டும்.