அண்ணி முகர விடாத பூ

எங்கள் அண்ணி வாசுகிக்குக் குரல் பெரிது. மலேசியாவின் ஜொகூரில், தம்போய் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பெண்களை வேலை வாங்கியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. ஸ்கூடாயில் எங்கள் வீட்டில் அண்ணி உப்பு எங்கே என்று கேட்டால் நாலு வீடு தள்ளி இருப்பவர்கள் உப்பு ஜாடியைத் தேடுவார்கள். மனசு தங்கம்தான். வாய்தான் முந்திக்கொள்ளும்.

குளிரான கேமரன் மலைக்குப் போன இடத்தில், ஒரு விதைக்கடையில் ஸ்வீட் பீ பூவின் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பட்டாணிக் கொடி மாதிரி ஏறும், பூ பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும், வாசம் ஊரைத் தூக்கும் என்றார்கள் என்று ஒரு பொட்டலம் விதையும் கையோடு வந்தது.

"தைப்பூசத்தன்னிக்கு வீட்டு முருகனுக்கு இந்தப் பூதான். நேர்ந்துட்டேன்" என்றார்.

"அண்ணி, அது குளிர்ல வளர்ற பூ. ஜொகூர் வெயில்ல வெந்து போயிடும்" என்றேன்.

"நீ சும்மா இரு லா."

விதைகள் குளிர்சாதனப் பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் கிடந்தன. மழைக்காலம் தொடங்கியதும் ஊறவைத்து, காலை வெயில் மட்டும் விழும் சுவரோரத்தில் தொட்டியில் ஊன்றினார். பாதி அழுகியது. முளைத்ததில் பாதியை நத்தை தின்றது. ஒரே ஒரு கொடி கயிற்றைப் பிடித்து ஏறியது. வேர் சூடாகக் கூடாது என்று மத்தியானம் தொட்டி மண்மேல் ஐஸ் கட்டி வைப்பார். அண்ணன் ஐஸ் கேட்டால், "ஐஸ் செடிக்கு. நீங்க பச்சத்தண்ணி குடிங்க" என்பார். அண்ணனும் குடித்தார், பாவம்.

அரும்புகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டே இருந்தன. தைப்பூசத்துக்கு முதல்நாள் ஒரு காம்பில் மட்டும் பூ விரிந்தது. வெளிர் ஊதா. சாமிக்கு வைக்கும் பூவை முகரக்கூடாது, முகர்ந்தால் எச்சில் பட்ட கணக்கு என்பது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணி அந்தச் செடியைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். இவ்வளவு பாடுபட்டவர் அதன் வாசம் எப்படி இருக்கும் என்றே அறியாதவர். கேட்டால் யார் நம்புவார்கள்!

அன்று மாலை பால்குடத்துக்குப் பூக்கட்ட எங்கள் வீட்டு வரிசைப் பெண்கள் வாசலில் கூடியிருந்தார்கள். மூலை வீட்டு ராசம்மா அக்கா வாங்கிப் போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். எங்கள் தாமான் குடியிருப்பு முனையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் வடையும் விற்றவர். முட்டி வலி என்று கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். கொடியைப் பார்த்ததும் குனிந்து, பூவுக்குள் மூக்கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"அக்கா! என்னா வேலை பண்றீங்க?" தெரு முழுக்கக் கேட்டது. "சாமிக்குன்னு வச்சிருக்கிற பூவுல மூக்க வைக்கிறீங்களே, வயசுக்கு ஏத்த அறிவு வேணாம்?"

ராசம்மா அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "இல்ல வாசுகி... நான் சும்மா..." அதற்குள் அண்ணி காம்பை வெடுக்கென்று ஒடித்துச் சாக்கடையில் எறிந்துவிட்டார். பூக்கட்டிய கைகளெல்லாம் நின்றுவிட்டன. ராசம்மா அக்கா பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மறுநாள், தைப்பூசத்தன்று, இன்னொரு காம்பு பூத்தது. முருகன் படத்துக்குப் போனது. அதோடு கொடி கருகிவிட்டது.

இரண்டு மூன்று நாள் கழித்து ராசம்மா அக்காவின் மகன் தீபன் வந்தான். சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஆண்ட்டி, கோவிட் வந்ததிலேர்ந்து அம்மாவுக்கு வாசமே தெரியாது. அடுப்புல மிளகாய் சம்பல் கருகுறதுகூடத் தெரியல, அதான் கடைய மூடினாங்க. வெக்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்கு உங்க பூவுல ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சாம். நெஜமா, பிரமையானு தெரியல. தெரிஞ்சா மறுபடி கடைய தொறக்கலாம்னு பாக்குறாங்க. இன்னொரு பூ இருந்தா... காசு வேணும்னாலும் குடுத்துடுறேன்."

காசு என்றதும் அண்ணி முகம் செத்துவிட்டது. கருகிய கொடியைப் போய்த் தடவிப் பார்த்தார். அரும்புகூட இல்லை. பிறகு படத்திலிருந்த பூவை எடுத்தார். "படைச்சாச்சு. பிரசாதத்த முகரலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் மூலை வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"அக்கா, என் வாயில கொள்ளிய வைக்க. தெரியாமப் பேசிட்டேன்" என்று பூவை நீட்டினார்.

ராசம்மா அக்கா வாங்கி மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினார்.

"தெரியுது வாசுகி. நல்ல வாசம். நீ மனசுல வச்சிக்காத."

"நெஜமாவாக்கா?" அண்ணிக்குத் தாங்கவில்லை. பூவை வாங்கித் தானும் முதன்முறையாக முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். வாடிப்போன பூ. வாசம் என்று ஒன்றுமே இல்லை.

"அக்கா... இதுல வாசம் போயிடுச்சுக்கா."

ராசம்மா அக்கா சங்கடமாகச் சிரித்தார். "அலமாக், ஐயோ! எனக்கு எங்க தெரியுது?"

அண்ணி குனிந்த தலை நிமிரவில்லை. "அன்னிக்கு?" என்று கேட்டார்.

"அன்னிக்கு வர்ற மாதிரிதான் இருந்துச்சு" என்றார் ராசம்மா அக்கா. அவர் குரலில் கோபமே இல்லை. "இன்னும் கொஞ்சம் நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும். அதுக்குள்ள நீ சத்தம் போட்டுட்ட."