மாதிரி வீட்டில் அடித்த ஆணி

போன வாரம் என் அறைச் சுவரில் துளை போட வந்த எலக்ட்ரீசியன் அந்த ஆணியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான். விரல் நீளச் செப்பாணி. தலை அகலம். உடம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. “ஆச்சி, இது தோணிப் பலகைக்கு அடிக்கிற ஆணியில்லா? கான்கிரீட்ல எறங்காது. வளைஞ்சிரும்” என்றான். இதில் என்ன மாட்டப் போகிறீர்கள் என்று கேட்டான். என் புருஷனின் படத்தைக் காட்டினேன். ஆனால் இதில் மாட்ட வேண்டிய பொருள் மண்ணுக்குள் போய் வெகு காலமாகிவிட்டது. ஆணி மட்டும் என்னோடு வீடு வீடாக மாறி, கடைசியில் தூத்துக்குடி மில்லர்புரத்தில் என் மகன் கட்டிய இந்த வீட்டுக்கு வந்திருக்கிறது. இன்றைக்கு எந்தச் சுவரிலும் இறங்காது என்று சொல்லப்படும் இதே ஆணி, ஒரு காலத்தில் ஒரே அடியில் ஒரு சுவரைத் துளைத்து மறுபக்கம் வெளியே வந்தது. அதை அடித்தது என் சித்தி.

சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா சங்கு குளிக்கப் போகிறவர். கல்யாணமான புதிதில் கொழும்புக்குப் போன ஒரு தோணிக்காரரிடம் சொல்லி வைத்து, பாடுபட்ட சுரூபம் ஒன்று வாங்கி வந்தார். கரிய மரச் சிலுவையில் வெளிறிய ஆண்டவர். அதை மாட்டுவதற்குத் தோணி கட்டும் இடத்திலிருந்து இந்தச் செப்பாணியையும் கேட்டு வாங்கினார். உப்புக்காற்றில் இரும்பு நிற்காதாம். ஆனால் அவர்கள் இருந்தது கடலோரத்து ஓலைக் குடிசை. கல்வீடு ஒன்று கட்டி, பங்குச் சாமியாரைக் கொண்டு அதை மந்திரித்து, முதல் ஆணியாக இதை அடிப்போம் என்று ஒத்திப் போட்டார். ஒரு நாள் முங்கியவர் ஏறி வரவில்லை. அடுத்த ஆண்டு வந்த புயலில் குடிசையும் போயிற்று. சித்தி ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சுரூபமும் ஆணியும் அந்தப் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் கிடந்தன. எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு சுரூபம் இருந்தது. தன்னுடையதை இங்கே மாட்டுவது பற்றி அவள் பேச்சே எடுத்ததில்லை.

அவளை யாரும் ‘நீங்கள்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. மீன் வாங்குகிறவர், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நிற்கிறவர், கோயில் கணக்குப்பிள்ளை, எல்லாருக்கும் அவள் ‘நீ’தான், ‘ஏளா’தான். அக்காள் மகளான நான்கூட அவளை நீ என்றுதான் கூப்பிட்டேன். எழுபது வயதைத் தாண்டி வந்த பிறகும் இதை எழுதும்போது என் கை ‘அவள்’ என்றே போகிறது. இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லிவிட்டு மேலே போவதற்குக் காரணம் உண்டு. பின்னால் நடந்ததெல்லாம் இதைச் சுற்றித்தான்.

சுதந்திரம் வந்த சமயம். நாட்டில் எதை எடுத்தாலும் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு. கடற்கரையை ஒட்டிய மைதானத்தில் ஒரு பொருட்காட்சி போட்டார்கள். நாளைய தூத்துக்குடி எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக. பெரிய மேசை மேல் துறைமுகத்தின் உருவம். கடலுக்கு நீலக் கண்ணாடித் துண்டுகள், தோணிகளுக்குத் தக்கை. அகலமான தெருக்கள், வரிசையாக மரங்கள், காற்று வரும் ஜன்னல்கள் என்று சுவரெல்லாம் படங்கள். சாயங்காலமானால் மேடையில் சொற்பொழிவு. நான் அப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. சட்டையில் ரிப்பன் குத்திக்கொண்டு, கையில் மூங்கில் குச்சியோடு, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் தொண்டர்களில் ஒருத்தியாக நின்றேன்.

எல்லாரும் பார்க்க வந்தது மைதானத்தின் நடுவில் நின்ற மாதிரி வீட்டைத்தான். கடலோர மக்களுக்கு அரசாங்கம் கட்டப் போகும் வீடு இப்படி இருக்கும் என்று முழு அளவில் ஒன்று எழுப்பியிருந்தார்கள். முன்னறை, பின்னறை, புகைபோக்கியோடு அடுப்படி, பின்பக்கம் வலை காயப்போட முற்றம். வெளியே நின்று பார்த்தால் கல்வீடு. உண்மையில் மூங்கில் சட்டத்தில் சாக்கை இழுத்துக் கட்டி, சுண்ணாம்பு பூசி, செங்கல் வரிசை போல வர்ணம் தீட்டியது. சாய்ந்து நிற்காதீர்கள் என்று வருகிறவர்களை நாங்கள் தடுத்துக்கொண்டே இருப்போம்.

முதல் நாள் சொற்பொழிவு, மதராஸிலிருந்து வந்த என்ஜினீயர் ஒருவருடையது. நல்ல உயரம், நல்ல குரல், கேட்கச் சலிக்காத மேடைத் தமிழ். எங்கள் தெருப் பெண்கள் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சித்தியும் இருந்தாள். புயலில் வீடு இழந்து உற்றார் வீட்டில் ஒண்டியிருப்பவர்களின் துயரத்தை அவர் உருக்கமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே மேடையின் ஓரத்துக்கு வந்து, நேர் எதிரே இருந்த சித்தியைப் பார்த்து, ஒரு கையை மாதிரி வீட்டின் பக்கம் நீட்டினார். “அம்மா, இது உங்கள் வீடு” என்றார். கூட்டம் கைதட்டியது. சித்தி எழுந்து நின்று இரண்டு கையும் கூப்பினாள். அவரும் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். மரியாதைக்குக் கும்பிடுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் சித்தி ஒரு விளக்குமாறோடு மைதானத்துக்கு வந்தாள். ஜனங்கள் மிதித்து விட்டுப்போன மணலை மாதிரி வீட்டிலிருந்து பெருக்கித் தள்ளினாள். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் தெளித்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். பொருட்காட்சிக்காரர்கள் அவளைப் பெருக்க அமர்த்தியிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். தொண்டராக நின்ற என் சொந்தக்காரி ஏதோ உபகாரத்துக்கு வருகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அடுப்படி மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. “ஏளா, அடுப்ப இங்கன வச்சா கடல்லருந்து அடிக்கிற கொண்டக்காத்துக்குப் பொகையெல்லாம் உள்ளதான் சுத்தும். நாம பொறவு மாத்திக்கிடலாம்” என்றாள். நாம மாத்திக்கிடலாம் என்றதை நான் பொருட்காட்சிக்காரர்களோடு சேர்த்துச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் அம்மாவிடம், சாமியாரிடம் சொல்லி மந்திரிக்க ஒரு நாள் கேட்க வேண்டும் என்றாளாம். எந்த வீட்டை என்று அம்மா கேட்டதற்குச் சிரித்தாளாம். அவள் அப்படிச் சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்ததால் அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை.

கடைசி நாளன்று அதே என்ஜினீயர் முடிவுரைக்காக வந்திருந்தார். வெயில் இறங்கும் நேரம். பிரமுகர்களை மாதிரி வீட்டின் வெளிப்பக்கம் நிறுத்தி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே டொக்கென்று ஒரு சத்தம். வர்ணம் தீட்டிய செங்கல் வரிசைக்கு நடுவில், அவர் தோளுக்கு அருகே, ஒரு ஆணியின் முனை வெளியே வந்து நின்றது. சுண்ணாம்புப் பொருக்கு அவர் சட்டையில் உதிர்ந்தது. யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நான் உள்ளே ஓடினேன். சித்தி ஒரு கையில் கல்லும், இன்னொரு கையில் நெஞ்சோடு அணைத்த சுரூபமுமாக நின்றாள். கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள். சுவரில் ஆணி தலைவரை போயிருந்தது. “செவுத்துல பலமே இல்லியே ஏளா” என்றாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

என்ஜினீயரும் உள்ளே வந்தார். என்ன அம்மா இது என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. சித்தி அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். “ஐயா, நீங்கதான சொன்னிய, உங்க வீடுன்னு. ஆண்டவர மாட்டிட்டுக் குடிவரலாமுன்னு வந்தேன்” என்றாள்.

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. நல்ல மனிதர்தான், அதை நான் மறுக்க மாட்டேன். “அம்மா, நான் பொதுவாகச் சொன்னேன். உங்கள் என்றால் உங்கள் எல்லாருக்கும் என்று அர்த்தம்” என்றார்.

சித்தி யோசித்தாள். “எல்லாருக்கும்னா, அதுல நான் இல்லியா ஐயா?” என்று கேட்டாள்.

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முதல் நாள் மேடையில் ஆறாகப் பேசியவர் சட்டையில் கிடந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார். மழைக்காலத்துக்குப் பிறகு எப்படியும் ஏதாவது செய்வார்கள் என்றோ என்னவோ முணுமுணுத்தார். வெளியே ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் போய்விட்டார். பொதுவாக என்ற சொல்லை யாராவது உச்சரித்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் மகன் அரசியல் பேசும்போது அந்தச் சொல்லைச் சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு.

சித்தி அழவில்லை. சுரூபத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஆணியை ஆட்டி ஆட்டி உருவினாள். ஓட்டை வழியே ஒரு கீற்று வெயில் உள்ளே விழுந்தது. பிறகு மூலையில் வைத்திருந்த விளக்குமாற்றை எடுத்து, உதிர்ந்த சுண்ணாம்பைப் பெருக்கி அள்ளி வெளியே கொட்டினாள். விளக்குமாற்றை அங்கேயே சாத்தி வைத்துவிட்டு வந்தாள். மைதானத்தைத் தாண்டும் வரை ஒலிபெருக்கியில் அந்த நல்ல குரல் எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது.

மாதிரி வீட்டைச் சீக்கிரமே பிரித்துவிட்டார்கள். சாக்கையும் மூங்கிலையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போனார்கள். படத்தில் இருந்த அகலத் தெருவும் வரவில்லை, மர வரிசையும் வரவில்லை. ஏதோ வீடுகள் வந்தபோது சித்தி இல்லை. பொருட்காட்சி முடிந்த அன்று இரவு சாப்பிடும்போது அம்மா, “ஏளா, அந்தச் சுரூபத்த இங்கனயே மாட்டிரு. இதும் ஒன் வீடுதான?” என்றாள். மனதார, அழுதுகொண்டே சொன்னாள். சித்தி தட்டைப் பார்த்தபடி, “ஒன் வீடுன்னு நீ எப்பவும்தான் சொல்லுத அக்கா. உங்க வீடுன்னு அவருதான் சொன்னாரு” என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை. எடுக்க எங்களுக்கு முகமும் இல்லை.

இரண்டு மூன்று வருஷம் இருந்தாள். இருமல் என்றாள், படுத்தாள், போய்விட்டாள். பெட்டியைத் திறந்து சுரூபத்தை எடுத்து அவள் கையில் பிடிக்கவைத்தோம். அதோடுதான் அடக்கம் செய்தோம். எந்தச் சுவரிலும் ஒரு நாள்கூட அது தொங்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத துக்கம். பெட்டியின் அடியில் ஆணி மிஞ்சியது. அம்மா அதைத் தூக்கிப் போடச் சொன்னாள். நான் வைத்துக்கொண்டேன்.

எலக்ட்ரீசியன் கடைசியில் என் ஆணியை விட்டுவிட்டு, மெஷினால் துளை போட்டு, தன் பையிலிருந்து ஒரு திருகாணியை முடுக்கினான். என் புருஷனின் படத்தை அதில் மாட்டினோம். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “உங்க வீட்டுச் செவுரு நல்ல கெட்டி ஆச்சி” என்றான். நான் இங்கே இருப்பது மகன் வீட்டில். அறையின் வர்ணம் மருமகள் பார்த்து அடித்தது, கட்டில் அவர்கள் போட்ட இடத்தில் கிடக்கிறது. அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை, நானும் ஒன்றும் கேட்பதில்லை. உங்க வீடு என்று என்னிடம் யாரும் சொல்லி எத்தனையோ காலமாகிவிட்டது. அவன் சும்மா, வாய்க்கு வந்தபடி, பொதுவாகச் சொன்னான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் என் கைகள் இரண்டும் தாமாகக் கூப்பப் போயின. ஒரு கையில் ஆணி இருந்தது.