கரடிக்கு ஒரு வேலை

உயிரியல் பூங்காவின் சமையற்கட்டில் பதினெட்டு வருஷமாகக் கத்தி பிடித்தவளை எல்லோரும் சதுரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காரட்டோ ஆப்பிளோ, அவள் கைபட்டால் சதுரம் சதுரமாகத்தான் விழும். வாளிகளை வரிசையாக வைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். அவற்றை யார் எப்படித் தின்கிறார்கள் என்று போய்ப் பார்க்கத்தான் அவளுக்கு நேரம் வாய்த்ததில்லை.

ஒருநாள் காலை, புதிதாகச் சேர்ந்த மிருக டாக்டர் கரடியின் வாளியைக் குனிந்து பார்த்தாள்.

“அழகா இருக்குக்கா. ஆனா இனிமே கரடிக்கு வெட்டாதீங்க.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. “ஏன் டாக்டரம்மா, என் கையில என்ன குறை?”

“குறை கையில இல்ல. ஒரு நடை வந்து பாருங்க.”

கரடிக்கு வேலையாட்கள் வைத்த பெயர் ரோந்து. கம்பியோரமாகப் பதினோரு அடி போகும். தலையை ஒரு சுழற்று சுழற்றித் திரும்பும். மறுபடி பதினோரு அடி. அது நடந்த தடத்தில் புல்லே இல்லை. வாளியைக் கவிழ்த்ததும் நாலே நிமிஷத்தில் காலி செய்துவிட்டு மறுபடி கிளம்பிவிட்டது.

“காட்டுல இதுக்குப் பொழுதன்னிக்கும் தீனி தேடறதுதான் வேலை. தோண்டணும், புரட்டணும், உடைக்கணும். அத்தனையும் நீங்களே செஞ்சு கொடுத்துட்டா, மிச்ச நேரம் அது என்னதான் பண்ணும்?”

அக்கா வீட்டுக்கு வந்துதான் கொட்டித் தீர்த்தாள். பட்டாணி உரித்துக்கொண்டிருந்த புருஷன் தலை நிமிராமல் கேட்டார்: “வெட்டறது இல்லன்னா உன்னை எதுக்கு வச்சிருப்பாங்க?”

காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்த கேள்வியும் அதுதான்.

மறுநாள் வீம்புக்கு ஒரு முழுப் பூசணியை அனுப்பினாள். ரோந்து முகர்ந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் என்று நினைத்ததோ என்னவோ, ஒதுங்கிப் போய்விட்டது. “நான்தான் சொன்னேனே!” என்று அக்கா குதிக்கத்தான் செய்தாள். ஆனால் சாயங்காலம் பூசணி அப்படியே திரும்பி வந்தபோது அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. அவள் அனுப்பிய சாப்பாடு அதுவரை மிஞ்சியதே இல்லை.

உள்ளே என்ன இருக்கிறதென்று அதற்கு எப்படித் தெரியும்? விடிந்ததும் முதல் வேலையாகப் பூசணியில் கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை போட்டாள். அதுவும் சதுரமாகத்தான் வந்தது. தேனை ஊற்றி, வெளியே கொஞ்சம் வழியவும் விட்டாள்.

ரோந்து நக்கியது. உருட்டியது. உட்கார்ந்து குழந்தையைப் போல மடியில் வைத்துக் கட்டிக்கொண்டது. பூசணி நழுவிச் சரிவில் உருண்டு குட்டையில் விழ, பின்னாலேயே தொபுக்கென்று அதுவும் விழுந்தது.

“விடாதடா! அமுக்கு! அமுக்கு!” என்று கத்தியது யாரென்று பார்த்தால், சதுரக்கா.

அன்று ஒன்றரை மணி நேரம் ரோந்து ரோந்தை மறந்திருந்தது.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. எல்லாமே பலித்தது என்றும் சொல்ல முடியாது. கடலையைச் சாக்கில் போட்டு ஏழு முடிச்சுப் போட்டுக் குரங்குகளிடம் கொடுத்தாள். அவள் சமையற்கட்டு வாசலை எட்டுமுன் ஏழும் அவிழ்ந்து, ஒரு குட்டி சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முள்ளம்பன்றியோ, தொங்கவிட்ட சோளக்கதிருக்குப் பயந்து பொந்தைவிட்டு வரவில்லை. கதிரை இறக்க வேண்டியதாயிற்று. கரடிக்குத் தீனி ஒளித்து வைக்கக் கட்டை குடைந்து கொடுத்த பூங்காவின் தச்சர் அவளைக் கண்டாலே நழுவப் பார்த்தார்.

“கரடி உடைக்கறதுக்கா நான் கட்டையக் குடைஞ்சு குடைஞ்சு கொடுக்கறேன்?”

“உடைச்சாத்தானே அண்ணே உங்களைத் தேடி வருவேன்!”

மழை நாட்களில் ரோந்து இன்னும் நடக்கத்தான் செய்தது. பழகிய கால், ஒரேயடியாக நிற்காது என்றாள் டாக்டர். பக்கத்தில் காலியாகக் கிடந்த மான் வளாகத்தையும் சேர்த்துவிட்டால் தேவலை என்று இருவரும் மேலதிகாரியிடம் நடையாய் நடந்தார்கள். ஐந்து மாதம் கழித்து நடுச்சுவரை இடித்தார்கள். ரோந்து இரண்டு நாள் இடித்த இடத்திலேயே நின்று யோசித்தது. மூன்றாம் நாள் உள்ளே போய் ஒரு புதரை வேரோடு பிடுங்கிப் போட்டது.

போன வாரம் டாக்டர் கேட்டாள்: “நீர்நாய்களுக்கு என்னக்கா பண்ணலாம்?”

“தெரியல டாக்டரம்மா. முதல்ல அதுங்க என்ன பண்ணுதுன்னு உட்கார்ந்து பார்க்கணும்.”

காய் வெட்டும் வேலையைப் பாதியில் விட்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மத்தியானம்வரை நீர்நாய்த் தொட்டியின் ஓரம் அவள் அசையவில்லை. கூட்டமாக வந்த பள்ளிப் பிள்ளைகள், “தள்ளிக்கோங்க, மறைக்குது!” என்றபோதுதான் முக்காலியை ஒரு சாண் நகர்த்திப் போட்டாள்.