மங்கள வார்த்தையில் ஏறிய லிஃப்ட்

இஞ்ஞாசிக்கு எண்கள் வராது. எழுத்து வரும், பாட்டு வரும், மலாய்கூட வரும். ஆறுக்குப் பிறகு என்ன என்று கேட்டால் மட்டும் தலை சுற்றும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பு ஒடிந்ததுதான் மிச்சம். பஃபலோ ரோட்டில் தன் வீட்டைக்கூடப் பச்சைக் கதவை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். வீட்டுக்காரன் ஒருமுறை கதவுக்கு நீலம் அடித்துவிட்டான்; அன்று சாயங்காலம் மனிதர் அந்தத் தெருவை நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்தார். மனைவி அல்போன்சம்மாள் வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனாள். விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இப்படிப்பட்டவருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் கிடைத்த வேலை, செசில் ஸ்ட்ரீட்டில் ஓர் ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுவது. ஒரு கையில் இரும்புக் கதவு, மறு கையில் கைப்பிடி. கைப்பிடியை விட்ட இடத்தில் லிஃப்ட் நிற்கும். எந்த மாடி எது என்று தெரிய வேண்டுமே! இஞ்ஞாசி மாதாவை நம்பினார். தரையிலிருந்து கிளம்பும்போது மங்கள வார்த்தை ஜெபத்தை வாய்க்குள் தொடங்குவார். ‘கர்த்தர்’ என்ற இடத்தில் விட்டால் காப்புறுதி ஆபீஸ். ‘கனி’யில் பல் டாக்டர். ‘பாவிகள்’ என்று வரும்போது வக்கீல்கள் இருக்கும் மாடி. ‘மரண நேரம்’ வந்தால் மேனேஜர். யாராவது "நாலாவது மாடி" என்றால், "யாரைப் பாக்கணும் சார்?" என்று பணிவாகக் கேட்பார். எவ்வளவு மரியாதையான மனுஷன் என்று ஊரே மெச்சியது.

ஜெபத்தை நடுவில் தொடங்க முடியாது. அதனால் வக்கீல் மாடியிலிருந்து பல் டாக்டரிடம் போகிறவரும் முதலில் தரைக்கு இறங்கி, மறுபடி ஏற வேண்டும். புதிதாக வந்த ஒருவர் இதென்ன கூத்து என்று கேட்டபோது, வக்கீல் குமாஸ்தா அப்துல் ஹமீதுதான் பதில் சொன்னார்: "வெள்ளைக்காரன் வச்ச ரூல் லா. நாம கேக்க முடியுமா?" பதினைந்து வருஷம் யாரும் கேட்கவில்லை.

பிறகு கோயிலில் ஜெபம் மாறியது. பழைய சொற்கள் போய்ப் புதிய, சுருக்கமான ஜெபம் வந்தது.

"பழசு மாதாவுக்கு மறந்தா போச்சு?" என்று இஞ்ஞாசி கேட்டுப் பார்த்தார்.

"சாமியார் சொல்லிட்டாருங்க. புதுசையே சொல்லுங்க" என்றாள் அல்போன்சம்மாள்.

கீழ்ப்படிந்த மனிதர், லிஃப்டிலும் புதியதையே சொன்னார். ‘பாவிகள்’ சீக்கிரம் வந்துவிட்டது. கதவைத் திறந்தால் முன்னே சுவர். மாடித் தரை வக்கீல்களின் மூக்குக்கு நேரே இருந்தது. பல்வலிக்காரர் ஒருவரைப் பிடித்து மேலே தூக்க வேண்டியதாயிற்று. மெக்கானிக் வந்து இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். மேனேஜர் இஞ்ஞாசியைப் பார்த்தார். வியாழக்கிழமை இன்ஜினியர் வருவார், அன்றைக்கும் கோணலாக நின்றால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

எண் கேட்காத வேலை இந்த ஊரில் வேறு எங்கே இருக்கிறது? புதன்கிழமை இஞ்ஞாசி, பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டார்.

"சாமி, லிஃப்டுல மட்டும் பழைய ஜெபம் சொல்லிக்கட்டுமா?"

"லிஃப்டுலயா? ஏன்ப்பா?"

எல்லாவற்றையும் சொன்னார். "எனக்கு நம்பர் வராது சாமி. பொறந்ததுலேருந்தே வராது" என்றபோது அழுதுவிட்டார். வெட்கமும், சொல்லிவிட்ட நிம்மதியும் சேர்ந்த அழுகை. தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் வெகுநேரம் இருமினார். அது இருமல்தானா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

"ஜெபத்த வச்சு லிஃப்ட் ஓட்டினது எத்தனை தடவை?" என்று, எந்தப் பாவத்துக்கும் கேட்பதுபோல், கேட்டார்.

"அதுதான் தெரியாதே சாமி!"

"சரி, சரி. பழசையே சொல்லு. மாதாவுக்கு ரெண்டும் புரியும். அபராதமா, லிஃப்டுலயே பக்தியோட பத்து மங்கள வார்த்தை சொல்லிடு."

வியாழக்கிழமை லிஃப்ட் எல்லா மாடியிலும் இம்மியும் பிசகாமல் நின்றது. மேனேஜர் மாடியிலிருந்து காப்புறுதி ஆபீசுக்குப் போகச் சொன்னார் இன்ஜினியர். லிஃப்ட் நேரே தரைக்கு இறங்கியது. அவர் புருவத்தை உயர்த்தினார். இஞ்ஞாசி பதில் தேடுமுன் மேனேஜரே முந்திக்கொண்டு, "எங்க கட்டடத்துல ரூல் அப்படி" என்றார். இன்ஜினியர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

வேலை தப்பியது. அபராதம்தான் தப்பவில்லை. வீட்டிலென்றால் ஜெபமாலை மணியை உருட்டிப் பத்தை முடித்திருப்பார். லிஃப்டில் இரண்டு கைக்கும் வேலை. பத்து ஆயிற்றா, இல்லையா? சாமியாரிடம் கேட்டால் எத்தனை சொன்னாய் என்று அவர் திருப்பிக் கேட்பார். எதற்கு வம்பு என்று, வேலையை விட்டு இறங்கிய நாள்வரை, ஒவ்வொரு ஏற்றத்திலும் இஞ்ஞாசி அந்தப் பத்தைப் பக்தியோடு சொல்லிக்கொண்டே இருந்தார்.