அப்பாவின் இரண்டு செயின்கள்

தானே புயல் அடித்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே எங்கள் ஊர். முந்திரித் தோப்புகள் முழுக்கத் தரையில் கிடந்தன. எங்கள் வீட்டுப் பலாமரமும் சமையலறைக் கூரைமேல் சாய்ந்திருந்தது. மரம் அறுக்கும் மெஷின் எங்கள் பக்கத்தில் அப்பாவிடம் மட்டும்தான் இருந்தது. ஊரே அவரைக் கூப்பிட்டது. எங்கள் மரம் காத்திருந்தது. அம்மா வாசலில் மூன்று கல் வைத்துச் சமைத்தாள்.

"ஊரு மரமெல்லாம் அறுக்குறீங்க, ஊட்டு மரத்துக்கு மட்டும் நேரமில்ல" என்பாள்.

அப்பாவுக்குச் சாப்பிடும்போதே கண் செருகும். "அறுக்குறதுகூடப் பரவால்ல. மரத்துக்காரங்க பக்கத்துலயே நிக்கிறாங்க பாரு, அவுங்க மொகத்தப் பாக்க முடியல" என்றார் ஒருநாள்.

மெஷினில் மாட்ட அவரிடம் இரண்டு செயின்கள் இருந்தன. ஒன்று புதுசு, பல்லின் முனை கூராக இருக்கும், சுத்தமான மரத்தில் சர்ரென்று இறங்கும். மற்றதன் முனை உருண்டையானது. மெதுவாகத்தான் அறுக்கும், ஆனால் மண் அப்பிய மரத்திலும் தாக்குப்பிடிக்கும். சாய்ந்த மரமெல்லாம் மண்ணில் புரண்டவை என்பதால் அவர் தினமும் மெதுவானதையே மாட்டினார். எனக்கோ, வேகமான செயினை மாட்டினால் வேலை சீக்கிரம் முடியும், பலாமரமும் போகும் என்று நினைப்பு. ஒரு காலையில் அவர் பல் விளக்கப் போனபோது மெதுவான செயினை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். அது சுற்றியிருந்த எண்ணெய்த் துணியிலேயே புதுசைச் சுற்றி அவர் பையில் வைத்தேன்.

மத்தியானமே அப்பா திரும்பிவிட்டார். புதுச் செயினைத் தரையில் போட்டார். பல் முனைகள் மொட்டையாகியிருந்தன.

"மூணு மரம் தாண்டல. பொகதான் வருது. யாரு மாத்துனது?"

அழுதுகொண்டே ஒளித்ததை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். அம்மா கை ஓங்கினாள். "உடு" என்றார் அப்பா.

அதற்குள், அன்று அப்பா அறுக்கப் போயிருந்த முந்திரித் தோப்புக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். அப்பாவைவிட வயதில் மூத்தவர்; அந்த முந்திரியை வைத்தே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர்.

"என்ன மாப்ள, பாதியில வந்துட்ட?"

"செயின் மொட்டையாயிடுச்சு மாமா."

"வேற இல்லியா?"

கையிலிருந்த செயின்மேல் அப்பா துண்டைப் போட்டார். "இல்ல மாமா. நாளைக்கு வரேன்."

"சரி, வா. மரம் எங்க போவப்போவுது."

சொல்லிவிட்டு அவர் கிளம்பவில்லை. வாசலில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த டீயை இருவரும் குடித்தார்கள். அவர் போனதும் அப்பா அங்கேயே சுருண்டு படுத்தார். மறுநாள் விடியும்வரை எழுந்திருக்கவில்லை.

என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அப்பா பொய் சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன், பெருமையாகக்கூட இருந்தது. தன் மரங்கள் இன்னும் ஒரு நாள் அறுபடாமல் கிடக்கும் என்று தெரிந்ததும் அந்தப் பெரியவர் முகம் ஏன் அப்படித் தெளிந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.